கல்யாணராமனின் பல்லும் மேட்ரிக்ஸின் பச்சையும்

1983 ஏப்ரல் 18ஆம் தேதி இரண்டு நடிகர்கள் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் எம்.ஜி.ஆர்., இன்னொருவர் என்.டி.ஆர். கால்ஷீட் விவகாரம் இல்லை. அப்போது இருவருமே முதலமைச்சர்கள். கிருஷ்ணா நதித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கான ஒப்பந்தம் அது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆளுக்கு 5 டிஎம்சி கொடுக்கும், மொத்தம் 15. வழியில் 3 டிஎம்சி ஆவியாகிவிடும். தமிழ்நாட்டு எல்லையில் கைக்கு வருவது 12. அந்த எல்லைதான் எங்கள் ஊத்துக்கோட்டை. செய்தித்தாளில் ‘ஜீரோ பாயின்ட்’ என்று போடுவார்கள். தாலுகா தலைநகரம், ஆரணி ஆற்றங்கரை என்று ஊருக்குப் பெருமைகள் இருந்தும் பேப்பரில் வருவதென்னவோ அந்த சைபர்தான்.

வழியிலேயே இவ்வளவு போய்விடும் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்ட அந்த நேர்மை, எங்கள் ஊருக்கு சினிமாவை அனுப்பியவர்களில் ஒருத்தருக்கும் இருந்ததில்லை. கிருஷ்ணா தண்ணீர் வந்து சேர 1996 ஆகிவிட்டது. வீடியோ கேசட் அதற்குப் பல வருஷம் முன்பே வந்துவிட்டது. ஆனால் தண்ணீரில் பதினைந்துக்கு மூன்று ஆவி என்றால், கேசட்டில் பதினைந்துக்குப் பன்னிரண்டு ஆவி.

வந்த வழியைப் பாருங்கள். படத்தின் நெகட்டிவ் சென்னை லேபில் இருக்கும். அதிலிருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து ஒரு டூப் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட். அந்த பிரிண்ட் வெளிநாட்டு உரிமைக்காரரிடம் போய், டெலிசினி எந்திரத்தில் ஓடி, டேப்பாகும். டேப்பிலிருந்து சிங்கப்பூர்க் கேசட். அது யாரோ ஒருவர் பெட்டியில் சென்ட் பாட்டிலோடும் டூ-இன்-ஒன்னோடும் பர்மா பஜாருக்கு வரும். அங்கே இரண்டு டெக்கை ஒயர் போட்டு இணைத்து ஒரு காப்பி. செங்குன்றத்தில் அந்தக் காப்பிக்கு ஒரு காப்பி. பெரியபாளையம் தாண்டி ஊத்துக்கோட்டைக்கு வரும்போது, திரையில் நடப்பது கல்யாணமா கருமாதியா என்று மேளச்சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விஎச்எஸ் கேசட்டின் பிறவிக் குணமும் ஒன்று உண்டு. 1976இல் ஜப்பானில் ஜேவிசி கம்பெனி கொண்டுவந்த அந்தப் பெட்டி, புத்தம் புதுசாக இருக்கும்போதே குறுக்கே சுமார் 240 கோடு அளவுக்குத்தான் நுணுக்கம் காட்டும். நிறத்துக்கு ஒதுக்கியது அதிலும் கொஞ்சம். அதனால் நிறம் தன் எல்லைக்குள் நிற்காது. கதாநாயகியின் சிவப்புப் புடவையிலிருந்து சிவப்பு ஒழுகி, பக்கத்தில் நிற்கும் அப்பா வேட்டியில் படியும். காப்பிக்குக் காப்பி அது இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகரும். எங்கள் ஊருக்கு வரும்போது புடவை வெள்ளையாகவும் அப்பா சிவப்பாகவும் இருப்பார்கள்.

இதெல்லாம் போதாதென்று கடைசிக் கட்டத்தில் என் பெரியப்பா இருந்தார். அவர் ஒயர்மேன். மின்சாரம் ஓடுகிற எந்தப் பொருளும் தன் ஆளுகைக்கு உட்பட்டது என்பது அவர் கொள்கை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் ராத்திரிக்கு டிவி, டெக், நாலு கேசட் வாடகைக்கு வரும். தெருவே பாய் போட்டு உட்காரும். படம் ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம் பெரியப்பா எழுந்து போய் கலர் திருகைக் கடைசி வரை திருகுவார்.

“மாமா, மூஞ்சி எல்லாம் ஆரஞ்சா வருது” என்று ஒரு பையன் சொல்லிப் பார்த்தான்.

“கலர் டிவிக்கி வாடகை குத்துட்டு எதுக்குடா பாதிக் கலர் பாக்கணும்?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. உலக ஹோம் வீடியோ வரலாறு முழுவதையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எழுதிவிடலாம். படம் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்பவர் இயக்குநரும் இல்லை, ஒளிப்பதிவாளரும் இல்லை. கடைசியாகக் கை வைத்தவர்தான்.

தமிழில் இரண்டாம் பாகம் என்ற வழக்கத்தைத் தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படுகிற படம் கல்யாணராமன். முதல் பாகம் 1979, ஜி.என். ரங்கராஜன் இயக்கம். ஜப்பானில் கல்யாணராமன் 1985, எஸ்.பி. முத்துராமன் இயக்கம். ஜப்பானில் நடந்த எக்ஸ்போ 85 கண்காட்சி வரை போய் எடுத்தார்கள். கமலுக்கு இரட்டை வேடம், அதில் கல்யாணம் எத்துப்பல் அப்பாவி. எங்கள் தெருத் திரையில் முதல் பாகத்துக் கல்யாணம் ஒரு ஆரஞ்சு மூட்டம், நடுவே பல். வெளிச்சமான பொருள் மட்டும்தான் அத்தனை காப்பிகளையும் தாங்கிப் பிழைத்து வரும். கமலின் நடிப்பு ஆவியாகிவிட்டது, பல் எல்லை தாண்டி வந்து சேர்ந்தது.

இரண்டாம் பாகத்துக் கேசட் வேறு வம்சம், வேறு வழி. அதில் கல்யாணம் ரோஸ் நிறம். முதல் பாகத்தில் செத்துப்போன கல்யாணத்தின் ஆவிதானே அது, ஏன் நிறம் மாறியது என்று பிள்ளைகள் கேட்டபோது பாட்டி சொன்ன விளக்கத்தை எந்த ஆராய்ச்சியாளரும் மறுக்க முடியாது: “செத்து ஆறு வருசம் ஆச்சேடா, நெறம் மாறாதா?”

சினிமாஸ்கோப்புக்கு நேர்ந்தது தனிக் கொடுமை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். உயரத்தைப்போல 2.35 மடங்கு அகலமான படத்தை, 1.33 மடங்கே அகலமான டிவியில் போட இரண்டு வழி. ஒன்று, பக்கங்களை வெட்டுவது. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் படம் குப்பைக்குப் போகும். காதலனும் காதலியும் எதிரெதிரே நின்று பேசினால் இரண்டு மூக்கு மட்டும் தெரியும், நடுவில் பூங்கா. இரண்டாவது வழி, வெட்டாமல் பக்கவாட்டில் அமுக்குவது. அதில் எல்லோரும் ஒல்லியாகிவிடுவார்கள். சிவாஜி கணேசனை ஒல்லிக்குச்சியாகப் பார்த்து வளர்ந்த ஒரே தலைமுறை நாங்கள்தான். பிறகு அவரைத் தியேட்டரில் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தவர்கள் ஊரில் உண்டு.

அமெரிக்காவில் 2002இல் பேக் டு தி ஃபியூச்சர் மூன்று பாகங்களையும் டிவிடியாக விட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது பாகங்களில் சில காட்சிகளின் சட்டகம் சற்று இடம் தவறியிருந்தது. ஜனம் சத்தம் போட, யுனிவர்சல் கம்பெனி மாற்றுத் தட்டு அனுப்பிக் கொடுத்தது. இந்தச் செய்தியைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் தலை வெட்டுப்பட்டு வந்த கதாநாயகர்களை எல்லாம் மாற்றித் தரச்சொல்லிக் கேட்டிருந்தால், கடைக்கார அண்ணன் எங்கள் தலையை மாற்றியிருப்பார்.

பிறகு விசிடி வந்தது. 1993இல் வகுத்த அதன் அளவு 352க்கு 288 புள்ளி. பெருக்கினால் ஒரு லட்சம் புள்ளி. இன்றைய ஃபுல் எச்.டி. இருபது லட்சத்துக்கு மேல், 4கே எண்பது லட்சத்துக்கு மேல். ஒரு தட்டில் 74 நிமிஷம்தான் ஏறும் என்பதால், மூன்று மணி நேரப் படம் மூன்று தட்டாகும். நடுத்தட்டை யாராவது இரவல் வாங்கிப் போயிருப்பார்கள். கதாநாயகனும் வில்லனும் முதல் தட்டில் சந்திப்பார்கள், மூன்றாவது தட்டில் ஒருவர் சாவார். காரணம் நாமே யூகிக்க வேண்டும். கோடு விழுந்த தட்டைப் பனியனில் துடைப்பது, பற்பசை தடவுவது, விபூதி பூசுவது என்று வைத்தியமுறைகள் வளர்ந்தன. விபூதி வேலை செய்ததாகச் சொன்னவர்களும் இருக்கிறார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுருட்டப்பள்ளிக் கோயில் விபூதியாக இருந்தால்.

சுருட்டப்பள்ளி தெரியும்தானே. ஆலகால விஷத்தைக் குடித்த சிவன் மயங்கி அம்பாள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் தலம். பெருமாள்தான் படுப்பார், சிவன் படுப்பது அபூர்வம். அவ்வளவு பெரிய ஆசாமியே ஒரு வாய் விஷத்துக்குப் படுத்துவிட்டார். நாங்கள் வாரம் ஒரு கேமரா பிரிண்ட் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். தியேட்டரில் ஒருவன் கேமராவை மடியில் மறைத்து எடுத்த படம் அது. முன்வரிசைக்காரர் முறுக்கு வாங்க எழுந்து போவதும் படத்தில் பதிவாகியிருக்கும். அவரையும் ஒரு பாத்திரமாகவே ஏற்றுக்கொண்டு, திரும்பி வந்தாரா என்று கவனிப்போம்.

2004இல் அரசாங்கம் விழித்துக்கொண்டு, 1982ஆம் வருஷத்துக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்தது. அதில் ஏற்கெனவே இருந்தவர்கள் கள்ளச்சாராயக்காரர், போதைமருந்துக் குற்றவாளி, வனக்குற்றவாளி, குடிசைப்பகுதி நிலத்தை வளைப்பவர் முதலியோர். மாட்டினால் ஒரு வருஷம் வரை விசாரணை இல்லாமல் உள்ளே. எங்கள் கேசட் கடை அண்ணன் இந்தப் பட்டியலைப் பேப்பரில் படித்துவிட்டு மிகவும் வருத்தப்பட்டார். பயத்தால் இல்லை. “சாராயக்காரன் பக்கத்துல போட்டுட்டாங்களே நைனா, நம்ம தொழிலுக்கு ஒரு மரியாத இல்லியா?”

அடுத்து நடந்தது தமிழ்நாட்டு வரலாற்றின் விசித்திரமான அத்தியாயம். 2006 செப்டம்பரில் கருணாநிதி அரசு வீட்டுக்கு வீடு 14 இஞ்ச் கலர் டிவி இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு கோடி வீடுகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று அசல் தட்டையே மளிகைக் கடை விலைக்கு இறக்கியது. திருட்டுத் தட்டைவிட அசல் தட்டு கௌரவம், விலையும் கிட்டத்தட்ட அதே. வெளிநாட்டில் அதே வருஷம் ப்ளூ-ரே வந்து, 50 இஞ்ச் திரையில் மயிர்க்கால் தெரிகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சமத்துவத்தின் பக்கம் நின்றோம். 14 இஞ்ச் திரையில் 28 ரூபாய் விசிடிக்கும் உலகின் உயர்ந்த தட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. திராவிட இயக்கம் பேதங்களை ஒழித்தது என்று சொல்வதில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தொடர்படங்கள் பெருகியதும் இந்தக் காலத்தில்தான். லாரன்ஸின் முனி 2007, காஞ்சனா 2011, காஞ்சனா 2 2015, காஞ்சனா 3 2019. நாலு பாகத்தையும் எங்கள் வீட்டில் நாலு விதமான பெட்டியில் பார்த்தோம்: விசிடி, டிவிடி, பென் டிரைவ், செல்போன். பேய்ப்படத்துக்கு உயிர் இருட்டு. தகவலை அமுக்கிச் சுருக்கும் எந்த முறைக்கும் முதல் பலி இருட்டுதான். கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று அங்கே மிச்சம் பிடித்துவிடுவார்கள். அதனால் முனி விசிடியில் இருட்டு முழுவதும் சாம்பல் கட்டங்களாக நெளியும். எது பேய், எது கட்டம் என்று தெரியாமல் எல்லாக் கட்டத்துக்கும் பயந்தோம். எங்கள் வீட்டில் அதிகம் அலறியது அந்தப் பாகத்துக்குத்தான். காஞ்சனா 3 பளிச்சென்று செல்போனில் வந்தபோது பேயின் மேக்கப் எங்கே முடிகிறது என்பது வரை தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, பேய்க்கு ஃபவுண்டேஷன் போட்டவரைத்தான் குறை சொல்லலாம்.

எல்லையூர் என்பதால் எங்கள் கடையில் எல்லாப் படமும் இரண்டு மொழியில் கிடைக்கும். சிங்கம் தெலுங்கில் யமுடு. கடையில் கிடைத்த சிங்கம் மஞ்சளடித்திருக்கும், யமுடு நீலம் பாய்ந்திருக்கும். ஒரே சூர்யா, ஒரே மீசை, ஒரே அறை. தமிழில் அறை வாங்கியவனுக்கு மஞ்சள்காமாலை, தெலுங்கில் வாங்கியவனுக்கு விறைப்பு. நாகலாபுரத்திலிருந்து வரும் உறவுக்காரர்களுக்கும் எங்களுக்கும் எது அசல் நிறம் என்று ஒரு பொங்கல் முழுக்கச் சண்டை. ஆந்திரத் தரப்பும் தமிழகத் தரப்பும் தண்ணீர் விஷயத்தில் இவ்வளவு உறுதியாக இருந்ததில்லை.

மூன்று பாகம், ஐந்து பாகம் எல்லாவற்றையும் ஒரே டிவிடியில் அடைத்து விற்றது இன்னொரு சாதனை. ஒரு சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி. அதில் ஐந்து ஜேம்ஸ்பாண்டு படம் என்றால் ஒரு படத்துக்கு ஒரு ஜிபிகூட இல்லை. அட்டைப்படத்தில் ஐந்து பாண்டுகள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே யார் ஷான் கானரி, யார் ரோஜர் மூர் என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது.

அந்த பாண்டுக்கு அசல் தரப்பில் என்ன நடந்தது தெரியுமா? ஜான் லோரி என்பவரின் கம்பெனி எல்லா பாண்டு படங்களின் ஃபிலிமையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அழுக்கு, கீறல், தூசி எல்லாவற்றையும் துடைத்தது. 2006இல் டிவிடி, 2008இல் ப்ளூ-ரே. அந்தத் துடைக்கும் கம்பெனியை 2008இல் வாங்கியது யார்? அனில் அம்பானியின் ரிலையன்ஸ் குழுமம். பாண்டைக் கட்டம் கட்டமாக்கி விற்றதும் இந்தியர்கள், பாண்டைக் குளிப்பாட்டிய கடையை விலைக்கு வாங்கியதும் இந்தியர்கள். இரண்டு முனையையும் பிடித்துவிட்டோம். நடுவில் இருந்தது இங்கிலாந்து மட்டும்தான்.

ப்ளூ-ரே ஊத்துக்கோட்டைக்கு வரவே இல்லை. ஒரு தட்டில் 25 முதல் 50 ஜிபி, நீல ஊதா லேசர் என்று விவரம் எல்லாம் படித்துவிட்டு ஒரு பாலிடெக்னிக் மாணவன் கேசட் கடைக்குப் போய் “அண்ணா, ப்ளூ-ரே இருக்கா?” என்று கேட்டான். அண்ணன் கடைக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவனைக் கோபமாக முறைத்து, “உங்கப்பா எனக்குத் தெரிஞ்சவரு, ஓடிப் போயிடு” என்றார். எங்கள் தாலுகாவில் அந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறு அத்தோடு முடிந்தது.

சரி, ப்ளூ-ரே வாங்கிய பணக்கார நாட்டுக்காரர்களாவது நிம்மதியாகப் பார்த்தார்களா? அங்கேதான் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அவர்களுக்கும் ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார்.

மேட்ரிக்ஸ் முதல் பாகம் 1999இல் வந்தது. அதில் பச்சை இருந்தது, அளவாக. 2003இல் அடுத்த இரண்டு பாகங்கள் வந்தன, அதில் பச்சை தூக்கலாக இருந்தது. 2004இல் மூன்றையும் சேர்த்து டிவிடி பெட்டியாக விட்டபோது, தம்பிமார் பச்சையாக இருக்கும்போது அண்ணன் மட்டும் மாநிறமாக இருக்கலாமா என்று முதல் பாகத்துக்கும் பச்சை பூசிவிட்டார்கள். 2008 ப்ளூ-ரேயிலும் அதே பச்சை. கீனு ரீவ்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் காட்சி குளத்துக்கு அடியில் எடுத்ததுபோல இருக்கும். கடைசியில் 2018இல் 4கே தட்டு வந்தபோதுதான் ஒளிப்பதிவாளர் பில் போப்பைக் கூப்பிட்டு உட்காரவைத்து நிறத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். படம் வந்து பத்தொன்பது வருஷம். கிருஷ்ணா தண்ணீரே கையெழுத்திலிருந்து பதின்மூன்று வருஷத்தில் வந்துவிட்டது.

லார்டு ஆஃப் தி ரிங்ஸ் கதை இன்னும் பிரமாதம். 2010இல் மூன்று பாகமும் ப்ளூ-ரேயில் வந்தன. முதல் பாகம் மழுங்கிப்போயிருக்கிறது என்று வாங்கியவர்கள் திட்டினார்கள். 2011இல் நீளமான பதிப்பு வந்தது. முதல் பாகம் இப்போது கூர்மை, ஆனால் முழுவதும் ஒரு பச்சைச் சாயை. பனிமலையில் பனி பச்சை. இது பீட்டர் ஜாக்சனின் மேற்பார்வையில் செய்ததுதான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மற்ற இரண்டு பாகங்களில் அந்தப் பச்சை இல்லை. ஹாபிட்டுகள் முதல் பாகத்தில் பாசி பிடித்துக் கிளம்பி, இரண்டாம் பாகத்தில் குளித்துவிட்டு வந்தார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 2020 டிசம்பரில் 4கே வந்தபோது ஜாக்சன் எல்லாவற்றையும் மறுபடி நிறம் பிரித்தார். ஃபிலிமில் எடுத்த இந்த மூன்றும், டிஜிட்டலில் எடுத்த ஹாபிட் படங்கள் மூன்றும் ஒரே குடும்பம்போலத் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. முன்னே எடுத்த படத்துக்குப் பின்னே எடுத்த படத்தின் சட்டையைப் போட்டுவிடுவது. மேட்ரிக்ஸில் செய்த அதே வேலை. ஆனால் இது இயக்குநரே செய்வதால் அதற்குக் கலை என்று பெயர். எங்கள் தெருவில் செய்தால் திருகு.

நிறத்தில் கை வைத்தவர்கள் போக, தோலில் கை வைத்தவர்கள் ஒரு கூட்டம். ஃபிலிமில் படம் என்பது வெள்ளி உப்புத் துகள்களில் பதிவாவது. பெரிதாக்கிப் பார்த்தால் பொடி மணல் நெளிவதுபோலத் தெரியும். அந்தத் துகளில்தான் முகத்தின் சுருக்கம், வியர்வை, தாடி எல்லாம் இருக்கின்றன. 2010இல் பிரிடேட்டர்ஸ் என்ற புதுப் பாகம் வரும் சமயம், 1987ஆம் வருஷத்துப் பிரிடேட்டரைப் புதுப் பெட்டியில் போட்டு விற்றார்கள். படம் மணலாக இருக்கிறதே என்று கம்ப்யூட்டரில் வழித்துவிட்டார்கள். மணலோடு ஷ்வார்ஸ்நெகரின் தோலும் போய்விட்டது. காட்டில் வேட்டையாடும் அரக்கன் முன்னால் மெழுகு பொம்மை ஒன்று துப்பாக்கியோடு நிற்கும். அந்தக் காட்டு வெயிலில் அது எப்படி உருகாமல் நின்றது என்பதுதான் படத்தின் மிகப்பெரிய சஸ்பென்ஸ். 2017இல் டெர்மினேட்டர் 2க்கு 4கே தட்டு வந்தபோதும் இதே வழிப்பு. அதிலாவது அவர் ரோபோ, சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

2024இல் ஏலியன்ஸ் 4கே வந்தது. இதில் கம்ப்யூட்டர் வழிக்கவில்லை, வரைந்தே கொடுத்துவிட்டது. புருவ முடி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணிவிடலாம். குறை சொன்னவர்களைப் பார்த்து ஜேம்ஸ் கேமரூன், அம்மா வீட்டு நிலவறையை விட்டு வெளியே வந்து மனுஷர்களைப் பாருங்கள் என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். பெரியப்பாவைவிடக் கொஞ்சம் நாகரிகமான பதில், கருத்து ஒன்றேதான்.

இந்தக் கூத்துகளுக்கு நடுவே ஒரே ஒரு தொடர்படக் கதையில் மட்டும் எனக்கு நக்கலடிக்க வாய் வருவதில்லை. சத்யஜித் ராயின் அபு வரிசை. பதேர் பாஞ்சாலி, அபராஜிதோ, அபுர் சன்சார். 1992இல் ராய்க்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்த கையோடு, அவர் படங்களைப் பாதுகாக்கும் வேலை தொடங்கி நெகட்டிவ்கள் லண்டனுக்குப் போயின. 1993இல் அங்கே ஹெண்டர்சன் லேபில் தீ. சுருள்கள் கருகி, ஒட்டி, விளிம்பு பொடிந்து போய்விட்டன. எந்த லேபும் வேண்டாம் என்று தூக்கிப்போட்டிருக்கும். ஆஸ்கர் அகாதமி தூக்கிப்போடாமல் வைத்திருந்தது. இருபது வருஷம் கழித்து இத்தாலியின் பொலோனியாவில் லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்ற பட்டறை அந்தச் சுருள்களை ரசாயனக் கரைசலில் ஊறவைத்து மறுபடி நெகிழவைத்தது. பொடிந்த பக்கத்துளைகளைக் கையால் ஒட்டினார்கள், ஒட்டுநாடாவைச் சுரண்டினார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேர வேலை.

பதேர் பாஞ்சாலியில் நூற்றுக்கு நாற்பது பங்கும், அபராஜிதோவில் அறுபதுக்கு மேலும் அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே மீண்டன. அபுர் சன்சாரில் மிஞ்சிய இரண்டு சுருளும் உதவாது என்று ஆகி, அதை முழுக்க வேறு பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். 2015இல் கிரைட்டீரியன் ப்ளூ-ரேயாக வந்தது. ஆகவே அதிலும் பாகத்துக்குப் பாகம் மூலம் வேறுதான். ஒரே படத்துக்குள்ளேயே ஒரு காட்சி நெகட்டிவ், அடுத்த காட்சி காப்பி. ஆனால் அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் துகளை வழிக்கவில்லை, நிறம் பூச அதில் நிறமும் இல்லை. கடைசியாகக் கை வைத்தவர் கை வைத்ததே தெரியவில்லை. அப்படி ஒரு கை எங்கள் கல்யாணராமனுக்கும் வாய்த்திருந்தால் பல்லைச் சுற்றி ஒரு முகம் இருந்திருக்கும்.

தமிழில் பாகங்கள் ஒன்றுபோலத் தெரிய ஒரே வழி, மொத்தமாக எடுத்து முடித்துவிட்டுப் பாதியாக வெட்டி விடுவதுதான். பொன்னியின் செல்வன் அப்படித் தப்பித்தது, ஒளிப்பதிவாளர் ரவி வர்மன் ஒரே மூச்சில் எடுத்தார். எந்திரன் 2010இல் ரத்னவேலு ஃபிலிமில் எடுத்தது, 2.0 எட்டு வருஷம் கழித்து நீரவ் ஷா டிஜிட்டலில் முப்பரிமாணத்தில் எடுத்தது. மறைந்த ஜீவாவின் ஒளிப்பதிவில் 1996இல் வந்த இந்தியனுக்கு 2024இல்தான் இரண்டாம் பாகம். இருபத்தெட்டு வருஷ இடைவெளியில் நிறம் மாறாமல் இருக்க அது என்ன கிரானைட்டா. நிறம் பிடிக்கவில்லை என்று அந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேறு விஷயங்கள் இருந்தன.

இப்போது நிலைமை தலைகீழ். 2015இலேயே எங்களுக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷாவ்மி போன்கள் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். 2018இல் திருப்பதியில் டிக்சன் ஆலையில் அதே கம்பெனியின் டிவி. பர்மா பஜாரிலிருந்து வடக்கே வந்த திரைகள் போய், திருப்பதியிலிருந்து லட்டோடு தெற்கே வருகின்றன. பெரியப்பா வீட்டில் 43 இஞ்ச் 4கே மாட்டியாகிவிட்டது. திருகு கிடையாது, ரிமோட்டில் ‘விவிட்’ என்று ஒரு பொத்தான். அவர் வாழ்நாள் முழுக்கக் கையால் திருகிச் செய்ததைக் கம்பெனியே ஆலையில் செய்து அனுப்புகிறது. தன் கட்சி ஆட்சிக்கு வந்த திருப்தியோடு உட்கார்ந்திருக்கிறார்.

போதாதற்கு, நகர்வை வழுவழுப்பாக்கும் ஒரு வசதியும் பெட்டியிலேயே உண்டு. நொடிக்கு 24 சட்டகம் ஓடும் சினிமாவுக்கு நடுவே டிவியே சொந்தமாகச் சட்டகங்களைக் கற்பனை செய்து செருகிவிடும். பல கோடி கொட்டி எடுத்த சண்டை, மத்தியானச் சீரியல் மாமியார் சண்டைபோல ஓடும். 2018 டிசம்பரில், மிஷன் இம்பாசிபிள் ஃபால்அவுட் வீட்டுத் தட்டாக வரும் நேரம், டாம் குரூஸ் ஒரு வீடியோவில் தோன்றி, தயவுசெய்து அந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கையெடுக்காத குறையாகக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் இயக்குநர் கிறிஸ்டோபர் மக்குவாரி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் அந்த வீடியோவை பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டி, ரிமோட்டை வாங்கி எல்லாவற்றையும் அணைத்து, ‘சினிமா’ என்ற அமைப்பில் வைத்தான். திரை சற்று மங்கி, முகங்கள் மனித முகங்களாகின. பெரியப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்னாடா, ஓல்டேஜ் கொறஞ்சிப் போச்சா?”

“இல்ல தாத்தா, இதுதான் கரெக்டு. டாம் குரூஸே சொல்றாரு பாரு.”

“அவன் ஏரோப்ளேன்லேருந்து குதிக்கிறவன்டா. அவனுக்கு டிவி பத்தி இன்னா தெரியும்?” என்று ரிமோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.